தள்ளிப்போட்ட வைத்தியமும் தொலைந்த தூக்கமும்: ஒரு குமாஸ்தாவின் கதை



இந்த இதழுக்கு உடல்நலம் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் டாக்டர் அல்ல. பி.காம். முடித்துவிட்டு 36 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். பழைய சரித்திரம் படிப்பது மட்டும் விடாமல் இருக்கும் ஒரு பழக்கம். அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே, ஒரு சரித்திரக் கதையாக இதைச் சொல்கிறேன். படித்துவிட்டு உங்களில் ஒருவராவது ஒரு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் எனக்குத் திருப்தி.

நம்மில் பலர் தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவர்கள். குரோம்பேட்டையைத் தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு நிலையம் வரும். போன மாதம் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, சானடோரியம்னா என்ன?" காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலத்தில், நோயாளிகளை ஊருக்கு வெளியே தங்கவைத்து, நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துள்ள சாப்பாடு ஆகியவற்றாலேயே தேற்றப் பார்த்த இடம் என்று சொன்னேன். அந்த சானடோரியத்தை 1928-ல் அங்கே தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. பிறகு அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது.

தாம்பரத்துக்கு வருவதற்கு முன்னால் இந்த டாக்டர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917-ல் அங்கே அவரிடம் நோயாளியாக வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? ஐந்து வருடத்துக்கு முன்னால் சென்னைத் துறைமுக அலுவலகத்தில், கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச ராமானுஜன்.

கணிதமேதை ராமானுஜனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1729 கதை பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பேராசிரியர் ஹார்டி டாக்ஸியில் வந்தார், வண்டி எண் 1729, அது சுவாரசியமில்லாத எண் என்றார், ராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் அதுதான் மிகச் சிறியது என்றார். 1-ன் கனமும் 12-ன் கனமும் கூட்டினாலும் 1729, 9-ன் கனமும் 10-ன் கனமும் கூட்டினாலும் 1729. இதை எல்லோரும் சொல்வோம். ஆனால் ஹார்டி அன்றைக்கு எங்கே வந்தார் என்பதை மறந்துவிடுவோம். லண்டனில் பட்னி என்ற இடத்தில் நோயாளியாகப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க வந்தார். அந்த உரையாடல் ஒரு நோயாளியின் படுக்கையருகே நடந்தது.

அறுவை சிகிச்சைக்குக் காசில்லை

கணக்கை விட்டுவிட்டு அவருடைய உடம்பின் கதையை மட்டும் வரிசையாகப் பாருங்கள்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். இரண்டு வயதில் பெரியம்மை வந்து பிழைத்தார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படிக்க வந்த இடத்தில் கடுமையான சீதபேதி. படிப்பை நிறுத்திவிட்டுச் சில மாதங்கள் கும்பகோணத்தில் போய்க் கிடந்தார். பேதி நின்றது. நின்றதும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவோம்.

1909 ஜூலையில் கல்யாணம். அதன் பிறகு ஹைட்ரோசீல் என்று டாக்டர்கள் சொல்லும் விரைவீக்கம் வந்தது. சாதாரண அறுவை சிகிச்சையிலேயே சரியாகிவிடக்கூடியதுதான். ஆனால் வீட்டில் அதற்குக் காசில்லை. மாதக்கணக்கில் அப்படியே இருந்தார். 1910 ஜனவரியில் ஒரு டாக்டர் தாமாக முன்வந்து, பணம் வாங்காமல் அறுவை சிகிச்சை செய்துவிட்டார்.

அந்த வருடக் கடைசியில் மறுபடி உடம்பு சரியில்லாமல் போனது. அப்போது ஒரு நண்பரிடம், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் நோட்டுப்புத்தகங்களைப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸிடமோ சேர்த்துவிடும்படி சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 22. நம் வீட்டுப் பிள்ளைகள் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகும் வயது. அந்த வயதில் ஒருவன் உயில் சொல்வதைப்போலப் பேசுகிறான் என்றால், வியாதி உடம்பில் மட்டும் இருந்திருக்காது, மனதிலும் ஏறி உட்கார்ந்திருக்கும்.

கம்பளிக்கு மேலே படுத்தவர்

1912 மார்ச்சில் துறைமுக வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். 1914 மார்ச் 17-ல் சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் புறப்பட்டார். நான் மேலே சொன்ன டாக்டர் சவுரிமுத்துவும் அதே கப்பலில் பயணம் செய்தவர்தான். மூன்று வருடம் கழித்து அவரிடமே நோயாளியாகப் போகப்போகிறோம் என்று ராமானுஜன் நினைத்திருப்பாரா?

கேம்பிரிட்ஜில் சைவச் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டார். அதே வருடம் ஆகஸ்டில் முதல் உலகப்போர் வந்தது. காய்கறி, பால் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. சமையல் ஒரு நாளைக்கு ஒரு வேளை, சில சமயம் அதுவும் இல்லை. முப்பது மணி நேரம் தொடர்ந்து கணக்குப் போட்டுவிட்டு இருபது மணி நேரம் தூங்குவார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதை மேதையின் லட்சணம் என்று நாம் வியக்கிறோம். எங்கள் கிளையில் ஆண்டு முடிவுக் கணக்கில் நாலு நாள் இப்படி இருந்தாலே கண் எரிந்து, வீட்டுக்கு வந்து எல்லோர் மேலும் எரிந்து விழுவோம்.

அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்) ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். குளிர்காலத்தில் ஒருநாள் ராமானுஜனிடம், இரவில் குளிர் தெரியாமல் தூங்குகிறீர்களா என்று கேட்டாராம். ஓவர்கோட் போட்டுக்கொண்டு, சால்வையும் போர்த்திக்கொண்டு படுக்கிறேன், அப்படியும் குளிர் தாங்கவில்லை என்றாராம் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் இருக்கின்றன. எல்லாம் மெத்தையின் ஓரத்தில் இறுக்கிச் செருகப்பட்டு, மேலே விரிப்புப் போடப்பட்டிருக்கிறது. கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேல் விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு, அத்தனை கம்பளியின் மேலே நடுங்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

படிக்கும்போது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வேறொன்று தோன்றியது. பக்கத்து அறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும். கேட்கக் கூச்சம். சிரமத்தைப் பொறுத்துக்கொள்வது பழகிவிட்டது. நமக்கும் இதே குணம்தானே?

1916 வாக்கில் இன்னொரு சம்பவம். நண்பர் சாட்டர்ஜியையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் ராமானுஜன் தன் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாம் முறை போதும் என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. நாலைந்து நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வருகிறது, ஐந்து பவுண்டு பணம் அனுப்பும்படி! நம் குடியிருப்பில் ஒருவர் இப்படிச் செய்தால் 'தொட்டாற்சுருங்கி' என்று ஒரு பெயர் வைத்துவிட்டு லிஃப்டில் சிரித்துக்கொள்வோம். அரைகுறைச் சாப்பாடும், தாறுமாறான தூக்கமும், ஊரிலிருந்து வராத கடிதமும் சேர்ந்தால் யாருடைய மனதும் தோல் உரிந்த மாதிரி ஆகிவிடும் என்று யோசிக்க மாட்டோம். ராமானுஜனின் தாயாருக்கும் மனைவி ஜானகிக்கும் பிணக்கு. ஜானகி எழுதியவை அவருக்குப் போய்ச் சேரவில்லை. தூரதேசத்தில் அவர் காரணம் தெரியாமல் காத்திருந்தார்.

இரவுக் காய்ச்சலும் சொல்லாத விஷயமும்

1917-ல் உடம்பு முழுதாகப் படுத்துவிட்டது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், குறிப்பாக இரவில். வயிற்று வலி, இளைப்பு. அடுத்த இரண்டு வருடத்தில் ஐந்து மருத்துவமனைகள், சானடோரியங்கள். ஒரு டாக்டர் வயிற்றுப்புண் என்றார். பலர் காசநோய் என்றார்கள். காசநோய்க்கு அன்றைக்குத் தெரிந்த வைத்தியம் திறந்த காற்று. கம்பளிக்கு மேலே படுத்து நடுங்கியவரை மேட்லாக் சானடோரியத்தில் கணப்பு இல்லாத குளிர் அறையில் படுக்கவைத்தார்கள்.

அவரைப் பரிசோதித்தவர்களில் லண்டன் நிபுணர் பாட்டி ஷா என்பவர் ஒருவர். ராமானுஜனுக்கு இந்தியாவில் ஒரு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்று இவர்தான் கண்டுபிடித்தார். அதற்கு முன் பார்த்த டாக்டர்களுக்கு அது தெரியாது என்பது ஹார்டியின் கடிதமொன்றிலிருந்து தெரிகிறது. அதாவது, 1910-ல் நடந்த விரைவீக்க அறுவை சிகிச்சையை டாக்டர்களிடம் அவர் சொல்லவே இல்லை.

1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய ஆவணங்களை எல்லாம் படித்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய கருத்து, அது காசநோயாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்பது. சீதபேதி உண்டாக்கும் அமீபா குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய் வருடக்கணக்கில் பதுங்கியிருக்கும். 1906-ல் வந்து நின்றுபோன சீதபேதி ஞாபகம் இருக்கிறதா? வேர் அங்கே இருந்திருக்கலாம் என்கிறார். இந்த நோய்க்கு அன்றைக்கே மருந்து உண்டு. 1912-ல் கல்கத்தாவில் டாக்டர் லியோனார்ட் ராஜர்ஸ் எமிட்டின் ஊசி போட்டு அமீபா நோயாளிகளைக் குணப்படுத்திக் காட்டிவிட்டார். ஆனால் என்ன நோய் என்று கண்டுபிடித்தால்தானே மருந்து கொடுக்க முடியும்? நோயாளியின் பழைய கதை முழுதும் தெரிந்தால்தானே நோயைக் கண்டுபிடிக்க முடியும்?

தள்ளிப்போட்டதால்தான் அவர் இறந்தார் என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை. வறுமை, போர், அந்நியதேசம், அன்றைய மருத்துவத்தின் எல்லை எல்லாமே அதில் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. பெயர் தெரியாத நோயுடன் படுத்துக் கிடந்த அந்த இரவுகள் ஒரு மனிதனை என்ன செய்தன என்பதுதான்.

1918 தொடக்கத்தில், லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ராமானுஜன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ரயில்வே ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டதால் காயங்களோடு தப்பினார். அன்றைய சட்டப்படி அது குற்றம் என்பதால் போலீஸ் பிடித்துப் போயிற்று. ஹார்டி ஓடி வந்து, இவர் ராயல் சொசைட்டி உறுப்பினர், இவரைக் கைது செய்யக்கூடாது என்று ஒரு பொய்யைச் சொல்லி மீட்டார். இதைப் பின்னாளில் விஞ்ஞானி எஸ். சந்திரசேகர் ஹார்டி வாயிலாகக் கேட்டுப் பதிவு செய்தார். அந்தப் பொய் 1918 மே 2-ல் உண்மையானது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ ஆனார்.

அந்தச் செய்திகள் வந்த பிறகு அவர் கொஞ்சம் தேறினார். காய்ச்சல் குறைந்தது, எடை கூடியது என்று அந்த வருடக் கடைசியில் ஹார்டி எழுதினார். மறுபடி நல்ல கணக்குகள் வந்தன. மனம் தெம்பானால் உடம்பும் கொஞ்சம் எழுந்து உட்காரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் மூலநோய் அப்படியே இருந்தது. 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில், ஜானகி பக்கத்திலிருந்து பணிவிடை செய்ய, 32 வயதில் காலமானார்.

என் பதினான்கு மாதங்கள்

இவ்வளவு பெரிய மனிதரின் கதைக்குப் பக்கத்தில் என் கதையை வைப்பது சரியா என்று யோசித்தேன். வைத்தால்தான் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்கும் என்பதால் வைக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற மறுவருடம், இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டியதாயிற்று. எழுந்தால் மறுபடி தூக்கம் வராது. பால்கனியில் வந்து நிற்பேன். புராஸ்டேட்டாக இருக்கும் என்று எனக்கே தெரியும். அது புற்றுநோயாக இருந்தால் என்பதுதான் பயம். பயத்தை வெளியே சொல்லவில்லை. மகள் வளைகாப்பு முடியட்டும் என்றேன். குழந்தை பிறக்கட்டும் என்றேன். ஆடி கழியட்டும், தீபாவளி போகட்டும் என்றேன். டாக்டரிடம் போய் அந்த இடத்தைக் காட்டக் கூச்சம் என்பதுதான் உண்மை. ராமானுஜன் அந்த அறுவை சிகிச்சையை ஏன் மறைத்திருப்பார் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டென்றால், அது என் அனுபவத்திலிருந்து வந்த ஊகம்.

சும்மா சும்மா கோபம் வந்தது. சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரி விஷயத்துக்காக நான் கத்தியது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பேப்பர் படிக்கப் பிடிக்கவில்லை. பேத்தி பிறந்தபோதுகூட, இவள் பள்ளிக்கூடம் போவதைப் பார்ப்பேனா என்றுதான் நினைப்பு ஓடியது.

ஒருநாள் காலையில் நம் பழைய வாட்ச்மேன் கேட்டார்: "சார், ராத்திரி மூணு மணிக்கு தினமும் உங்க வீட்டு லைட்டு எரியுதே, யாருக்காவது உடம்பு முடியலையா?" என்ன சொல்வதென்று தெரியாமல் படியேறி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, நானும்தான் தூங்கி ஒரு வருஷமாச்சு. நீங்க எழுந்திருக்கறப்ப எல்லாம் கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். கேட்டா கோவிச்சுக்குவீங்கன்னு கேக்கல."

அன்றைக்கே போனோம். ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன். புற்றுநோய் இல்லை, வயதானால் பலருக்கு வரும் சாதாரண வீக்கம் என்று சொல்லி டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பதினான்கு மாதம் இரண்டு பேரைத் தூங்கவிடாத கேள்விக்குப் பதில் இரண்டு நாளில் கிடைத்துவிட்டது. இருந்திருந்தாலும் தெரிந்தால்தான் வைத்தியம் செய்ய முடியும். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் என் மனைவி தூங்கிவிட்டாள்.

நாம் செய்யக்கூடியது

கடனையும் நெருப்பையும் நோயையும் மிச்சம் வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கடன் விஷயம் எனக்குத் தெரியும். தவணை தவறியவர் மேனேஜருக்குப் பயந்து வங்கிப் பக்கமே வரமாட்டார். வராமல் இருப்பதால் வட்டி நிற்காது. நோயில் அந்த வட்டி முதலில் தூக்கத்தில் பிடிக்கப்படுகிறது. வலியோ, காய்ச்சலோ, பயமோ இரவில் எழுப்புகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் மனம் சோர்கிறது, சின்ன விஷயம் பெரிதாகிறது. கவலை கூடினால் அடுத்த இரவும் தூக்கம் போகிறது. நாட்கணக்கில் இப்படிச் சுற்றினால் மனச்சோர்வு நோயாகவே வரும் வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்டவருக்குத் தூக்க மாத்திரை மட்டும் போட்டால் அடியில் இருக்கும் காரணம் அப்படியே இருக்கும்.

இரவில் அடிக்கடி சிறுநீர் போவது சர்க்கரையின் அறிகுறியாகவும் இருக்கலாம். பலத்த குறட்டை நடுவே மூச்சு நின்று திணறினால் அதற்கென்று பரிசோதனை உண்டு. படுத்தவுடன் கால் குடைச்சல் என்றால் இரும்புச்சத்துக் குறைவா என்று பார்க்க வேண்டும். தூக்கமின்மையோடு படபடப்பு என்றால் தைராய்டைப் பார்க்க வேண்டும். இவை எல்லாம் பெரும்பாலும் சரி செய்யக்கூடியவை. நம் வீட்டுப் பெண்கள்தான் அதிகம் தள்ளிப்போடுகிறவர்கள். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடியட்டும் என்று தங்கள் முறையைக் கடைசியில் வைப்பார்கள். வீட்டு ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு சின்ன யோசனை. ஒரு தாளில் உங்களுக்கு இதுவரை வந்த பெரிய நோய்கள், நடந்த அறுவை சிகிச்சைகள், வருடம், சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதைத் தாள் சொல்லிவிடும்.

மனம் மிகவும் கனத்துப் போய், இனி எதற்கு என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் இரவிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. நம் பிளாக்கில் யார் வீட்டு விளக்காவது தினமும் மூன்று மணிக்கு எரிந்தால், வாட்ச்மேன் என்னைக் கேட்டதுபோல நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த முறை சானடோரியம் நிலையத்தில் ரயில் நிற்கும்போது, கம்பளிக்கு மேலே நடுங்கிக்கொண்டு படுத்திருந்த அந்தக் குமாஸ்தாவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கி வீட்டுக்கு வந்ததும், தள்ளிப்போட்ட அந்த போன் காலைச் செய்துவிடுங்கள்.

— சி பிளாக்கிலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு வங்கி ஊழியர்